மாணிக்கம் விற்று வைரம் வாங்கும் ஊர்





கொஞ்சம் நீளமான பதிவு. கலியாணப் பேச்சு நடக்கிற வீடுகளில் இருப்பவர்களாவது கடைசி வரை வாசியுங்கள்.

எங்களிடம் படித்த பிள்ளை ஒருவரின் வாப்பா கல் தரகர். சொந்தமாக முதல் கிடையாது. சுபஹ் தொழுதுவிட்டு யாராவது ஒரு ஹாஜியாரின் கல்லைத் தாளில் மடித்து வாங்கிக்கொண்டு சந்தைக்குப் போவார். விற்றால் தரகுக் காசு, விற்காவிட்டால் வெறுங்கையோடு வீடு. அப்படி ஓடித் திரிந்த காலத்திலும் ஒரேயொரு கல்லை மட்டும் அவர் விற்கவில்லை. இரண்டரைக் கரட்டுக்குச் சற்றுக் குறைந்த நீலக்கல். சூடு காட்டாத இயற்கை நிறம். மகள் பிறந்த வருடம் இரத்தினபுரியில் வாங்கியது. "இது மகள்ட கலியாணத்துக்கு" என்று 20 வருடத்துக்கு மேல் அலுமாரியில் வைத்திருந்தார். இடையில் எத்தனை கஷ்டம் வந்தும் அதைத் தொடவில்லை.

கலியாணம் சரிவந்தது. அந்தக் கல்லை மோதிரத்தில் பதித்து, நகைகளோடு மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டினார்கள். மாப்பிள்ளையின் உம்மா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னது ஒரே வசனம்: "இது எங்கட ஊர்க் கல்தானே. மத்த மருமகள்மாருக்கெல்லாம் வைரம் வந்திச்சி."

சண்டை ஒன்றும் நடக்கவில்லை. யாரும் சத்தம் போடவில்லை. அந்த வசனம் மட்டும் போதுமாக இருந்தது. அடுத்த கிழமை அந்த வாப்பா 20 வருடக் கல்லைச் சந்தையில் விற்றார். அவசரத்துக்கு விற்கிறவனுக்கு என்ன விலை கிடைக்கும் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. போதாததற்கு உம்மாவின் காப்பு இரண்டையும் அடகு வைத்து, கொழும்பில் ஒரு கடையில் வைர மோதிரமும் வைரத் தோடும் எடுத்தார். கலியாணம் சிறப்பாக முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

பதினான்கு மாதம் கழித்து மருமகனின் கடை நட்டத்தில் விழுந்தது. அதே வைரத்தை அதே கடைக்குக் கொண்டுபோனார்கள். வாங்கிய விலையில் பாதிகூடச் சொல்லவில்லை. இன்னொரு கடையில், "தங்கத்தின் நிறைக்குக் காசு தரலாம், சின்னக் கல்லுக்கெல்லாம் விலை போட மாட்டோம்" என்றார்கள். காப்பு இன்னும் அடகில்தான் இருக்கிறது.

அந்தக் குடும்பத்திடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறோம். பெயர் கேட்டு யாரும் இன்பொக்ஸுக்கு வர வேண்டாம். இது ஒரு வீட்டுக் கதையும் அல்ல. நம் எல்லோர் வீட்டிலும் இதில் ஒரு துண்டாவது இருக்கிறது.

நாம் யார் என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பேருவளை, சீனன்கோட்டை என்றால் உலகத்தில் கல் தெரிந்த எவருக்கும் தெரியும். நமது வாப்பாமாரும் மாமாமாரும் நானாமாரும் கல்லில்தான் வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் படிப்பித்தார்கள், பள்ளிவாசல் கட்டினார்கள். பாடசாலைக்கு ஒரு கட்டடம் தேவை என்றாலும் கல் வியாபாரிகளின் கதவைத்தான் நாங்கள் தட்டுகிறோம். 1998 இல் மடகஸ்காரின் இலகாக்காவில் நீலக்கல் கிடைத்ததும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மொழி தெரியாமல் அங்கே போய் நின்றார்கள். தன்சானியாவிலும் மொசாம்பிக்கிலும் இன்றைக்கும் நிற்கிறார்கள். ஒரு கல்லை விரலிடுக்கில் பிடித்து வெளிச்சத்தில் காட்டி, நிறம், சுத்தம், பட்டை மூன்றையும் ஒரு நிமிடத்தில் சொல்லக்கூடிய ஆட்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கும் ஊர் இது.

இப்படிப்பட்ட ஊரில் பெண் பிள்ளையின் கலியாணத்துக்கு, நமக்குத் தெரிந்த கல்லை விற்று, நமக்குத் தெரியாத கல்லை வாங்குகிறோம். மீன் பிடிக்கிற ஊர் தன் மீனை விற்றுவிட்டுக் கலியாணத்துக்கு ரின் மீன் வாங்கினால் நாம் சிரிக்க மாட்டோமா?

"வைரம் காலங்காலமாக இருக்கிற வழக்கம்தானே" என்று சிலர் சொல்கிறார்கள். பெரிய வீட்டுக்காரர் சிலரிடம் வைரம் இருந்தது உண்மை. ஆனால் அது இல்லாமல் கலியாணம் இல்லை என்ற கதை எங்கே இருந்து வந்தது?

18 ஆம் நூற்றாண்டு வரைக்கும் உலகத்துக்கு வைரம் பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் போனது. பிறகு பிரேசில். 1860களின் கடைசியில் தென்னாபிரிக்காவில் வைரம் கிடைத்தது, அதுவும் குவியல் குவியலாக. குவிந்தால் விலை விழும். அதைத் தடுக்கத்தான் சுரங்கங்களை ஒரு கைக்குள் கொண்டுவந்தார்கள். 1888 இல் டீ பியர்ஸ் கம்பனி உருவானது. எவ்வளவு கல்லைச் சந்தைக்கு விடுவது, எவ்வளவைப் பூட்டி வைப்பது என்று நூறு வருடமளவில் அவர்களே பெரும்பாலும் தீர்மானித்தார்கள்.

பூட்டி வைத்தால் மட்டும் போதாது, வாங்குகிறவனுக்கு ஆசையும் வர வேண்டும். 1938 இல் அமெரிக்காவில் ஒரு விளம்பர நிறுவனத்தைப் பிடித்தார்கள். வைரம் என்றென்றைக்கும் நிலைப்பது என்ற பொருளில் இன்றைக்கும் எல்லோரும் சொல்லும் அந்த வாசகத்தை 1947 இல் அந்த நிறுவனத்தில் விளம்பரம் எழுதும் வேலை செய்த ஃபிரான்சிஸ் ஜெரட்டி என்ற பெண் எழுதினார். வேதத்திலும் இல்லை, ஹதீஸிலும் இல்லை, நம் மூத்தவர்களின் வாயிலும் இல்லை. சம்பளத்துக்கு எழுதிய ஒரு வரி.

ஜப்பானைப் பாருங்கள். 1967 இல் அங்கே கலியாணம் பேசிய பெண்களில் வைர மோதிரம் போட்டவர்கள் நூற்றுக்கு ஐந்து பேரும் இல்லை. அந்த வருடம் விளம்பரம் ஆரம்பமானது. 1981 இல் நூற்றுக்கு அறுபது பேர். பதினான்கு வருடம்! ஒரு பிள்ளை முதலாம் தரத்தில் சேர்ந்து உயர்தரம் முடிக்கும் காலத்தில் ஒரு முழு நாட்டுக்கும் புதிய "வழக்கம்" வந்துவிட்டது. நமக்கு அது தொலைக்காட்சி நாடகத்தாலும் இன்ஸ்டகிராமாலும் வளைகுடாவிலிருந்து வந்த ஆசையாலும் வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது விலையைப் பேசுவோம்.

வைர வியாபாரிகளுக்குள் ஒரு விலைப் பட்டியல் இருக்கிறது. 1978 இலிருந்து ரப்பபோர்ட் என்ற பெயரில் வருகிறது. கரட், நிறம், தெளிவு, வெட்டு என்று பார்த்து வியாபாரிகள் அதை வைத்துத் தங்களுக்குள் பேரம் பேசுகிறார்கள். கடையில் வாங்கும் உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் அந்தப் பட்டியல் கண்ணில் படாது. நாம் கடையின் இலாபமும் கூலியும் விளம்பரச் செலவும் சேர்த்து வாங்குகிறோம். திருப்பிக் கொடுக்கும்போது மொத்த விலைக்கும் கீழே கொடுக்கிறோம். அந்தத் தரகரின் வீட்டில் நடந்தது அதுதான். கடைக்காரர் ஏமாற்றவுமில்லை, வியாபாரமே அப்படி. ஒரு மோதிரத்தில் பத்து இருபது சின்ன வைரங்கள் பதித்திருந்தால் வாங்கும்போது ஒவ்வொன்றுக்கும் காசு கொடுக்கிறோம், விற்கும்போது அவை கணக்கிலேயே வருவதில்லை.

அத்தோடு எல்லாம் டொலர். 2022 இல் சில கிழமைக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை போனதை நாம் மறந்திருக்க மாட்டோம். காஸ் வரிசையில் நின்ற அதே வருடத்தில்கூட சில வீடுகளில் "வைரம் எப்போ எடுக்கிறீங்க" என்று கேட்டார்கள்.

அடுத்தது, இப்போது புதிதாக வந்திருக்கும் கதை: ஆய்வுகூட வைரம். எங்கள் விஞ்ஞானப் பாடத்தில் ஒவ்வொரு வருடமும் படிப்பிக்கிறோம், வைரம் என்றால் காபன். பென்சிலுக்குள் இருக்கும் காரீயமும் காபன். அந்தக் காரீயத்தை எங்கள் நாட்டிலேயே போகலையிலும் கஹட்டகஹவிலும் தோண்டுகிறோம். அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதம் மட்டும்தான் வேறு. அந்த அடுக்கை மனிதன் செய்யப் பழகி எழுபது வருடமாகிறது. 1955 இல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனி அதை உலகத்துக்கு அறிவித்தது. இன்றைக்கு இயந்திரத்துக்குள் சில கிழமையில் கல் வளர்கிறது. கண்ணுக்கும் லென்ஸுக்கும் வித்தியாசம் தெரியாது. கடையில் தொட்டுப் பார்க்கும் சின்னக் கருவியும் "வைரம்" என்றுதான் சொல்லும், ஏனென்றால் அது வைரமேதான். பெரிய ஆய்வுகூடக் கருவியால்தான் பிரித்தறியலாம்.

2018 இல் டீ பியர்ஸ் கம்பனியே ஆய்வுகூட வைரத்தைக் கரட் 800 டொலருக்கு விற்க ஆரம்பித்தது. தோண்டியெடுத்த கல்லின் விலைக்குப் பக்கத்தில் அது சின்னத் தொகை. அதற்குப் பிறகும் விலை இறங்கிக்கொண்டே போனது. 2025 இல் அந்த வியாபாரத்தையே மூடுவதாக அறிவித்தார்கள். அப்படியென்றால் நாம் "வைரம்" என்று ஆறேழு இலட்சம் கொடுப்பது எதற்கு? ஒளிக்கா? அதே ஒளி அதில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கிறது. கடினத்துக்கா? அதே கடினம்தான். பூமிக்குள் இருந்து வந்தது என்ற ஒரு தாளுக்குக் கொடுக்கிறோம். அந்தத் தாளை வாசிக்கத் தெரிந்தவர் நம் வீட்டில் எத்தனை பேர்?

மாற்று என்று சொல்லி விற்கப்படும் மற்றவற்றையும் சொல்லிவிடுகிறோம். "அமெரிக்கன் டயமண்ட்" என்பது வைரமும் இல்லை, அமெரிக்காவும் இல்லை. கியூபிக் சிர்கோனியா, செயற்கைக் கல். விலை மிகக் குறைவு, கொஞ்சக் காலத்தில் கீறல் விழுந்து மங்கும். மொய்சனைட் என்பது சிலிக்கன் காபைட்டு. நல்ல கடினம், வைரத்தை விடவும் வானவில் நிறம் அடிக்கும். பழைய வெப்பக் கருவி அதையும் வைரம் என்று காட்டிவிடும். இவற்றைப் போடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. மொய்சனைட்டைப் போட்டுவிட்டு வைரம் என்று சொல்வதில்தான் வெட்கம் இருக்கிறது. நம்மில் சிலர் அதைச் செய்கிறோம், வைரம் கேட்கும் வாய்க்குப் பயந்து.

இன்னொன்று. ஜும்ஆவுக்குப் பிறகு காஸாவுக்காகக் கையேந்துகிறோம். பாடசாலைக் கன்ரினில் பிள்ளைகள் குளிர்பானப் போத்தலைத் திருப்பிப் பார்த்து எந்தக் கம்பனி என்று வாசிக்கிறார்கள். உலகின் பெரிய வைரச் சந்தைகளில் ஒன்று டெல் அவிவுக்குப் பக்கத்தில் ராமத் கான் நகரில் இருக்கிறது. பட்டை தீட்டிய வைரம் இஸ்ரேலின் ஏற்றுமதிப் பட்டியலில் நெடுங்காலமாக முக்கிய இடத்தில் இருந்துவந்தது. எல்லா வைரமும் அங்கிருந்து வருகிறது என்று நாங்கள் சொல்லவில்லை. உலக வைரத்தில் பெரும்பகுதி இந்தியாவின் சூரத்தில்தான் வெட்டப்படுகிறது. ஆனால் ஒரு கல் எந்தச் சுரங்கத்தில் பிறந்து எத்தனை கைக்கு மாறி வந்தது என்பதை நம் கடைக்காரரால் சொல்ல முடியாது. சியரா லியோனில் 1991 முதல் 2002 வரை நடந்த யுத்தத்துக்கு வைரம் காசு கொடுத்தது. அதற்குப் பிறகு 2003 இல் கிம்பர்லி ஒழுங்குமுறை என்று ஒன்று வந்தது. அதுவும் அரசுக்கு எதிராகச் சண்டை பிடிக்கும் கிளர்ச்சிக் குழுக்களின் வைரத்தை மட்டும்தான் தடுக்கிறது. அரசாங்கங்கள் செய்யும் அநியாயம் அந்த வரையறைக்குள் வராது. நூறு ரூபா போத்தலுக்கு இருக்கும் நமது மனச்சாட்சி, ஆறு இலட்சம் ரூபா மோதிரத்துக்கு ஏன் வருவதில்லை?

நமது கல்லை வந்து பாருங்கள்.

அரபிகள் இந்தத் தீவை ஸரன்தீப் என்றார்கள், யாகூத் தீவு என்றும் அழைத்தார்கள். சூரா அர்-ரஹ்மானில் யாகூத்தின் பெயர் வருவதை மக்தப் போகும் பிள்ளையும் ஓதியிருக்கிறது. 1344 இல் இப்னு பதூதா இங்கே வந்தபோது, இந்தத் தீவின் பெண்கள் பல நிற மாணிக்கங்களைக் கழுத்திலும் கையிலும் காலிலும் அணிந்திருப்பதைப் பார்த்து எழுதி வைத்தார். நம் தீவின் பெண்களின் ஆபரணம் பற்றி ஒரு முஸ்லிம் பயணி எழுதிய சாட்சி அது. அதில் கல்லை வாங்கக் கடல் கடந்து போன கதை எதுவும் இல்லை.

நீலக்கல் நம் நாட்டின் தேசிய இரத்தினக்கல். நியூயோர்க் நூதனசாலையில் இருக்கும் 563 கரட் நட்சத்திர நீலக்கல்லுக்கு "இந்தியாவின் நட்சத்திரம்" என்று பெயர், ஆனால் அது இலங்கைக் கல். 1926 இல் இரத்தினபுரி மாவட்டத்தில் கிடைத்த 392 கரட் நீலக்கல் 2014 இல் ஜெனீவாவில் 17 மில்லியன் டொலருக்கு மேல் விலைபோனது. 1981 இல் இங்கிலாந்து இளவரசர் சார்ள்ஸ் டயானாவுக்குப் போட்ட நிச்சய மோதிரத்தில் 12 கரட் இலங்கை நீலக்கல். அதே மோதிரம் 2010 இல் கேட்டின் கைக்கு வந்தது. நடுவில் நமது கல், சுற்றிவரக் காவலுக்குச் சின்ன வைரங்கள். அரண்மனைக்குப் பொருந்திய கல் எங்கள் ஊர் மருமகளுக்குப் பொருந்தாதாம். "எங்கட ஊர்க் கல்தானே" என்றாராம்.

நீலம் மட்டுமா? மஞ்சள் புஷ்பராகம், தாமரைப்பூவின் இளஞ்சிவப்பும் செம்மஞ்சளும் கலந்த பத்பரட்ச, பூனைக்கண் வைடூரியம், சிவப்பு ஸ்பினல், கோமேதகம், தோரமல்லி. ஒரு மஹரைச் சந்தோசமாகக் கொடுக்க நினைக்கும் மாப்பிள்ளைக்கு எல்லா விலையிலும் கல் இருக்கிறது. ஆறு இலட்சத்திலும் இருக்கிறது, முப்பதாயிரத்திலும் இருக்கிறது.

எதிர்ப்பு வரும் என்று தெரியும். வருவதற்கு முன்னமே பதில் சொல்கிறோம்.

"வைரம்தான் கடினம், மற்றது தேயும்." மோஸ் அளவில் வைரம் 10, நீலக்கல் 9. ஸ்பினல் 8, வைடூரியம் எட்டரை. அளவுக்கு ஒன்பதுதான் என்றாலும் உண்மையான கடினத்தில் வைரம் நீலத்தை விடப் பல மடங்கு கூட என்பதை ஒத்துக்கொள்கிறோம். ஆனால் உடுப்புக் கழுவி, மீன் வெட்டி, சமைக்கும் கைக்கு ஒன்பது தாராளமாகப் போதும். நம்மைச் சுற்றியுள்ள தூசியிலும் மணலிலும் இருக்கும் படிகம் 7. அதைவிடக் கூடின கல் அன்றாடப் பாவனைக்கு நிற்கும். மீட்டியாகொடவின் சந்திரகாந்தக் கல் அழகு, ஆனால் 6 தான். அதை மோதிரத்தில் தினமும் போடாதீர்கள், தோட்டில் போடுங்கள். கடினமான வைரமும் ஓங்கி அடித்தால் பிளக்கும் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

"நீலம் எல்லோருக்கும் ஒத்துவராது, கஷ்டம் வரும்." இதைச் சொல்கிறவர் பள்ளிவாசலில் முன் வரிசையில் தொழுகிறவராகவும் இருக்கிறார், அதுதான் கவலை. ஒரு கல் நன்மையோ தீமையோ தரும் என்று நம்புவது நம் ஈமானுக்குப் பொருந்துமா? உங்கள் வாப்பா முப்பது வருடம் பொக்கெட்டில் நீலம் போட்டுக்கொண்டு திரிந்தார். அப்போது வராத கஷ்டம் மருமகளின் விரலுக்குப் போனதும் வருமா? நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் மோதிரம் வெள்ளியால் ஆனது, அதில் அபிசீனியக் கல் இருந்தது என்று ஹதீஸில் வருகிறது. மஹர் கொடுக்க எதுவும் இல்லாத ஒரு ஸஹாபியிடம் இரும்பு மோதிரமாவது தேடிப் பார்க்கும்படி சொன்னதும் நாம் எல்லோரும் பயானில் கேட்டதுதான். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து வைரம் கேட்கிறோம்.

"எங்கட காசு, எங்கட விருப்பம்." சரிதான். சொந்தக் காசில், சொந்த விருப்பத்தில் ஒருவர் வைரம் வாங்கினால் அது ஹராம் என்று சொல்ல நாங்கள் யார்? ஆனால் பெண் வீட்டாரின் காசில், மாப்பிள்ளை வீட்டாரின் விருப்பத்தில் வாங்குவதற்கு "எங்கட விருப்பம்" என்று பெயர் வைக்க முடியாது. மஹர் ஆணின் கடமை. நாம் கடமையைத் தலைகீழாக்கி, கைக்கூலி, சீதனம், வைரம் என்று பெண்ணின் வாப்பாவின் தலையில் வைத்திருக்கிறோம். "கேட்கல்ல, அவங்களாத் தந்தாங்க" என்பது எல்லோருக்கும் தெரிந்த பொய். "மத்த மருமகள்மாருக்கெல்லாம் வந்திச்சி" என்பதற்குப் பெயர் கேட்பதுதான்.

"கல் வியாபாரத்திலும் கள்ளம் இருக்கிறதே." இருக்கிறது. இதை மறைத்துவிட்டு மற்றவர்களைக் குறை சொன்னால் இந்தப் பதிவுக்கு மரியாதை இல்லை. மடகஸ்கார்க் கல்லை இலங்கைக் கல் என்று விற்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். சூடு காட்டிய கல்லைச் சூடு காட்டாதது என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். பெரிலியம் சேர்த்துச் சூடாக்கி நிறம் மாற்றிய கல், கண்ணாடி நிரப்பிய சிவப்பு, ஆய்வுகூட நீலம் எல்லாம் சந்தைக்குள் வந்துவிட்டன. செயற்கைச் சிவப்புக் கல் 1902 இலிருந்தே சந்தையில் இருக்கிறது, ஆய்வுகூட வைரத்துக்கும் மூத்தது. கல்லைத் தோண்டுகிற ஏழைக்குக் கிடைக்கும் பங்கு எவ்வளவு, குழி இடிந்தால் அவன் குடும்பத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதும் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

ஆனால் இந்தக் கள்ளத்தைக் கண்டுபிடிக்க நமக்கு வழி இருக்கிறது. சந்தேகம் என்றால் கல்லை எடுத்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளிப் போய் நான்கு பேரிடம் காட்டலாம். தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையிடமோ வேறு நல்ல ஆய்வுகூடத்திலோ அறிக்கை எடுக்கலாம். விற்றவர் நாளை காலையும் அதே பள்ளிவாசலுக்குத்தான் தொழ வருவார். வைரத்தில் அந்தப் பாதுகாப்பு எதுவும் நமக்கு இல்லை. அதில் நாம் வெறும் கொள்வனவாளர்கள்.

நீலக்கல்லை வாங்கினால் விலை ஏறும், இலாபம் வரும் என்று நாங்கள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. எந்தக் கல்லையும் கடையில் நகையாக வாங்கிப் பிறகு விற்றால் இழப்பு வரலாம். நாங்கள் சொல்வது ஒன்றுதான்: கட்டாயம் ஒரு கல் வேண்டுமென்றால், நமக்குப் பார்க்கத் தெரிந்த கல்லை, பார்க்கத் தெரிந்த ஆட்கள் சூழ்ந்திருக்கும் இடத்தில் வாங்குங்கள்.

ஒரு பழைய பாடம். கெவுடக் கல்லை நமது மூத்தவர்கள் பால் நிறம், பயனில்லை என்று ஒதுக்கி வைத்தார்கள். 1970களில் தாய்லாந்துக்காரர் வந்து சில்லறை விலைக்கு அள்ளிக்கொண்டு போய், சூடாக்கி, நல்ல நீலமாக்கி, உலகத்துக்கு விற்றார்கள். நம் கையில் இருந்ததன் பெறுமதி நமக்குத் தெரியவில்லை. அதை இன்றைக்கும் வியாபாரிகள் பெருமூச்சோடு சொல்வார்கள். இன்றைக்கு அதே தவறைக் கலியாண வீட்டில் செய்கிறோம்.

குற்றம் மாப்பிள்ளையின் உம்மாமாருக்கு மட்டும் இல்லை. எங்கள் ஆசிரியர் அறையிலும் புது மணப்பெண் லீவு முடிந்து வந்தால், முதலில் விரலைத்தான் பார்க்கிறோம். "எத்தனை சென்ட்?" என்று கேட்டவர்களும் நாங்கள்தான். கல் வியாபாரிகளே, உங்கள் சொந்த மகளுக்கு வைரம் போட்டு மேடையில் உட்கார வைக்கும்போது, உங்கள் பொருளுக்கு எதிராக நீங்களே விளம்பரம் செய்கிறீர்கள். நீங்கள் ஒரு கலியாணத்தில் நல்ல நீலத்தை, நல்ல புஷ்பராகத்தைப் போட்டுக் காட்டினால் உங்களுக்குக் கீழே இருக்கும் நூறு தரகர்களின் தலையிலிருந்து ஒரு சுமை இறங்கும். அவர்களால் உங்களைப் பார்த்து வைரம் வாங்க முடியாது. வாங்கத்தான் முயல்கிறார்கள், அடகு வைத்து.

ஆகவே இந்த ஊருக்கு நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

ஆண் பிள்ளை வைத்திருக்கும் உம்மா வாப்பாமாரே, கலியாணப் பேச்சில் வைரம் என்ற சொல்லை நேராகவும் எடுக்காதீர்கள், சாடையாகவும் எடுக்காதீர்கள். பெண் பிள்ளை வைத்திருப்பவர்களே, கேட்டால் "எங்களிடம் இருப்பது எங்கள் ஊர்க் கல்" என்று தலை நிமிர்ந்து சொல்லுங்கள். அந்தப் பதிலுக்கு முறிகிற சம்பந்தம் பிறகு முறிவதை விட இப்போதே முறிவது நல்லது.

வியாபாரிகளே, பில்லில் எழுதுங்கள்: இயற்கையா, சூடு காட்டியதா, எந்த நாட்டுக் கல், திருப்பிக் கொண்டுவந்தால் என்ன விலைக்கு எடுப்பீர்கள். வாய்ப் பேச்சு வேண்டாம். வாங்குகிறவர்களே, இந்த நான்கும் எழுதாத பில்லுக்குக் காசு கொடுக்காதீர்கள். அது நீலமானாலும் சரி, வைரமானாலும் சரி.

வைரத்தின் ஒளிதான் பிடிக்கிறது என்ற பிள்ளைகள் இருந்தால் ஆய்வுகூட வைரத்தைக் குறைந்த விலைக்கு வாங்கி, அப்படியென்றே சொல்லிப் போடுங்கள். மிச்சக் காசில் ஒரு கோர்ஸ் படியுங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகத்தினரே, மௌலவிமாரே, சீதனம் பற்றி வருடத்தில் ஒரு குத்பா நடக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். அதில் "சீதனம்" என்று பொதுவாகச் சொன்னால் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். "வைரம்" என்று பெயர் சொல்லிப் பேசுங்கள்.

அந்தத் தரகரின் நீலக்கல் இப்போது இந்த நாட்டில் இல்லை. வாங்கியவர் ஏற்றுமதி செய்துவிட்டார். எங்கேயோ ஒரு நாட்டில் எவரோ ஒரு பெண்ணின் விரலில் அது இருக்கும். "சிலோன் கல்" என்று அவர் பெருமையாகக் காட்டிக்கொண்டிருப்பார். அந்த வாப்பாவுக்கு இன்னும் இரண்டு பெண் பிள்ளைகள். இரண்டாவது பிள்ளை இந்த வருடம் எங்களிடம் உயர்தரம் படிக்கிறது. அதற்காக அவர் அலுமாரியில் கல் எதுவும் இப்போது இல்லை.

அந்தப் பிள்ளையின் கலியாணப் பேச்சு நம்மில் ஒருவரின் வீட்டுக்குத்தான் வரும். அன்றைக்கு நாம் என்ன வசனம் சொல்வோம் என்பதை இன்றைக்கே யோசித்து வைப்போம்.

அல்லாஹ் நமது கலியாணங்களில் பரக்கத் செய்வானாக. நமது நாவுகளால் ஒரு வாப்பாவின் இரவுத் தூக்கம் கெடாமல் பாதுகாப்பானாக. ஆமீன்.

கருத்து வேறுபாடு உள்ளவர்கள் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறோம். சரி என்று நினைப்பவர்கள் குடும்ப வட்ஸ்அப் குழுக்களில் பகிருங்கள், முக்கியமாக மாமிமார் இருக்கும் குழுக்களில்.